கடற்படை அதிகாரியின் பேனா

போர்க்கப்பலில் கட்டளைக்குக் கீழ்ப்படிவதே முதல் பாடம். பீரங்கிச் சண்டையின் நடுவே நின்று தர்க்கம் செய்துகொண்டிருந்தால் கப்பல் மிஞ்சாது. ஆனால் சமாதான காலத்திலும் அதே மௌனம் நீடித்தால் என்ன ஆகும்? பழைய முறை தவறு என்று அறிந்த இளம் அதிகாரி வாய் திறக்கமாட்டார். அந்தத் தவறு யுத்தத்தில்தான் வெளிப்படும். அதற்கு விலை மாலுமிகளின் உயிர். இந்தச் சங்கடத்துக்குக் கடற்படைகள் கண்ட பரிகாரங்களில் ஒன்று கட்டுரைப் போட்டி.

அமெரிக்காவில் அன்னாபொலிஸ் நகரில் 1873-ல் பதினைந்து அதிகாரிகள் கூடி அமெரிக்கக் கடற்படைக் கழகத்தை நிறுவினார்கள். அது சர்க்கார் இலாகா அல்ல, தனி ஸ்தாபனம். உள்நாட்டு யுத்தத்துக்குப் பிறகு அந்நாட்டுக் கடற்படை கவனிப்பாரற்றுத் தேய்ந்துகொண்டிருந்த காலம் அது. சில ஆண்டுகளில் கழகம் பரிசுக் கட்டுரைப் போட்டியைத் தொடங்கியது.

அந்தப் போட்டியில் நெடுங்காலம் வழங்கிய விதி ஒன்று கவனிக்கத் தக்கது. கட்டுரையில் எழுதியவரின் பெயர் இருக்கக் கூடாது. ஒரு வாசகம் மட்டுமே இருக்கவேண்டும். அதே வாசகத்தை மேலே எழுதி ஒட்டிய உறைக்குள் பெயரை வைத்து அனுப்பவேண்டும். முடிவு செய்த பிறகே உறையைத் திறப்பார்கள். எழுதியவர் அட்மிரலா, லெப்டினன்டா என்பது நடுவர்களுக்குத் தெரியாது. இன்றும் அக்கழகத்தின் போட்டிகளில் பெயரை மறைத்தே தீர்ப்பளிக்கிறார்கள்.

மூன்றாம் இடம்

முதல் போட்டிக்குத் தந்த பொருள் கடற்படைக் கல்வி. அதில் மூன்றாம் இடம் பெற்றவர் ஆல்பிரட் மஹான் என்ற கமாண்டர். 1879-ல் அச்சேறிய அக்கட்டுரைதான் அவருடைய முதல் வெளியீடு. பதினோரு ஆண்டுகள் கழித்து, 1890-ல், கடலாதிக்கம் சரித்திரத்தை எவ்வாறு நடத்தியது என்பது பற்றி அவர் எழுதிய நூலை பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான் ஆகிய தேசங்களின் கடற்படைகள் பாடப் புத்தகம்போல் படித்தன. முதற்பரிசு பெற்றவரின் பெயரையோ இன்று தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். நடுவர்களின் தீர்ப்பு வேதவாக்கல்ல என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? போட்டியின் பெரிய லாபம் பதக்கம் அல்ல. மூன்றாம் கட்டுரையும் அச்சேறியதுதான்.

அவ்வளவு புகழுக்குப் பிறகும் மஹானுக்கு நிம்மதி இல்லை. புத்தகம் எழுதுவது கடற்படை அதிகாரியின் வேலையல்ல என்று 1893-ல் மேலதிகாரி ஒருவர் குறிப்பெழுதி, அவரைக் கப்பலுக்கு அனுப்பிவைத்தார். அந்தக் கப்பல் இங்கிலாந்துக்குப் போனபோது, 1894-ல், ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அவருக்குக் கௌரவப் பட்டங்கள் அளித்தன!

1909-ல் பரிசு பெற்றவர் எர்னஸ்ட் கிங் என்ற லெப்டினன்ட். கப்பலின் உள் நிர்வாகத்தை எப்படிச் சீர்திருத்தலாம் என்று அவர் எழுதியிருந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கக் கடற்படை முழுவதையும் நடத்திய அட்மிரல் அவரே.

புறக்கடை வழி

இத்தகைய வாசல் பயன்படாதபோது என்ன நடக்கும் என்பதையும் பார்க்கவேண்டும். 1898-ல் சாந்தியாகோ கடற்போரில் அமெரிக்கக் கப்பல்கள் வெற்றி பெற்றன. ஆனால் சுட்ட குண்டுகளில் நூற்றுக்கு இரண்டுகூட இலக்கில் படவில்லை. கப்பல் ஆடும்போதும் பீரங்கியை இடைவிடாமல் இலக்கின்மேல் நிறுத்தும் புதிய முறையை பிரிட்டிஷ் அதிகாரி பெர்ஸி ஸ்காட் கண்டிருந்தார். சீனக் கடலில் அதைப் பார்த்த அமெரிக்க லெப்டினன்ட் வில்லியம் ஸிம்ஸ், தலைமை அலுவலகத்துக்கு அறிக்கைமேல் அறிக்கை அனுப்பினார். அதிகாரிகள் ஆடாத தரையில் பீரங்கியை வைத்துச் சோதித்து, 'இது நடவாத காரியம்' என்று முடிவு கட்டினார்கள். கடைசியில் 1901-ல் அவர் மேலதிகாரிகளைத் தாண்டி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கே எழுதினார். மறு ஆண்டு குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்கு அவரே மேற்பார்வையாளரானார். யோசனை பிழைத்தது. ஆனால் ஜனாதிபதிக்கு எழுதும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

'எதிரிக்கு ரகசியம் போய்விடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. பிரிட்டிஷ் அதிகாரிகள் 1913-ல் தங்களுக்குள் படிப்பதற்காகவே தொடங்கிய 'நேவல் ரெவ்யூ' என்ற பத்திரிகையை, முதல் உலக யுத்தத்தின்போது கடற்படைத் தலைமை நிறுத்திவைத்தது. 1919-ல்தான் மீண்டும் வந்தது. யுத்தத் திட்டங்களும் கருவிகளின் விவரங்களும் காக்கப்படவேண்டியவையே. ஆனால் ஒரு முறை சரியா தவறா என்ற விவாதத்தையும் ரகசியம் என்று பூட்டி வைத்தால், எதிரியைவிட அதிகமாக ஏமாறுவது நாம்தான்.

இந்தியாவுக்கும் இது புதிதல்ல. 1870-ல் சிம்லாவில் பிறந்து இப்போது டில்லியில் இயங்கும் யுனைடெட் சர்வீஸ் இன்ஸ்டிட்யூஷன், முப்படை அதிகாரிகளுக்கும் தங்கப் பதக்கக் கட்டுரைப் போட்டி நடத்துகிறது.

இன்று இந்த விஷயத்துக்கு அவசரமும் கூடியிருக்கிறது. 2022 ஏப்ரலில் ரஷ்யாவின் கருங்கடல் கப்பற்படைத் தலைமைக் கப்பலான 'மாஸ்க்வா' உக்ரைனின் ஏவுகணைகளால் மூழ்கியது. பிறகு ஆளில்லாப் படகுகளும் கப்பல்களைத் தாக்கின. பெரிய போர்க்கப்பல் இல்லாத தேசம் பெரிய கடற்படையை விரட்ட முடிந்தது. இத்தகைய கருவிகளோடு தினமும் பழகுகிறவர்கள் இளம் அதிகாரிகள்; எந்தக் கப்பல் கட்டுவது என்று தீர்மானிப்பவர்கள் மூத்தவர்கள். இருவருக்கும் இடையே பாலம் வேண்டாமா?

போட்டியே அந்தப் பாலமாகிவிடாது. நடுவர்களுக்குப் பிடித்ததை எழுதிப் பதக்கம் வாங்குகிற சாமர்த்தியமும் அதில் வளரலாம். பரிசு கொடுப்பது சுலபம். பரிசு பெற்ற யோசனையை ஒரு கப்பலிலாவது பரீட்சித்துப் பார்ப்பதும், மேலிடத்துக்குக் கசந்த கட்டுரையை எழுதியவரின் பதவி உயர்வு தடைப்படாமல் காப்பதுமே கடினம். இவ்விரண்டையும் செய்யும் கடற்படையில்தான் போட்டிக்குப் பொருள் உண்டு.