‘ரெஸ்ட் எடுங்க’ மட்டும் போதாது
நான்காம் நிலை நுரையீரல் புற்றுநோயாளிகளும் குடும்பத்தாரும் தமிழக மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

நோய் முற்றிவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் சொல்வது ‘ரெஸ்ட் எடுங்க’ என்பதுதான். வீட்டிலும் அதேதான், பாசத்தில் சொல்கிறார்கள். ஆனால் படுத்தே கிடந்தால் முதலில் கரைவது தொடைச் சதை. பிறகு கழிவறைக்குப் போய்வருவதற்குள் மூச்சிரைக்கிறது. அந்தப் பயத்தில் மறுபடியும் படுக்கை.

உடற்பயிற்சி நோயைக் குணமாக்கும் என்று நாங்கள் சொல்லவில்லை. 2019இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 221 பேர் பங்கேற்ற 6 ஆய்வுகளை அலசியது. பயிற்சி செய்தவர்களின் நடக்கும் திறன் கூடியது. மூச்சுத்திணறலும் சோர்வும் குறைந்ததாகத் தெளிவான சான்று இல்லை. இருக்கட்டும். யார் துணையும் இல்லாமல் எழுந்துபோய்க் குளிக்க முடிந்தாலே எங்களுக்குப் பெரிது.

ஆகவே கோருகிறோம்:

1. கீமோ தொடங்கும்போதே பிசியோதெரபிஸ்ட் எங்களைப் பரிசோதிக்க வேண்டும். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் வராந்தா, ஒரு நாற்காலி, கடிகாரம், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் போதும். டெண்டர் விட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

2. ‘முடிஞ்சவரை நடங்க’ என்று வாயால் சொல்லி அனுப்பக் கூடாது. எத்தனை நிமிடம் நடப்பது, நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்காருவது, கீமோ போட்ட வாரத்தில் எவ்வளவு குறைப்பது, என்ன அறிகுறி தெரிந்தால் உடனே நிறுத்துவது என்று மருந்துச் சீட்டிலேயே எழுதித் தர வேண்டும். முதுகெலும்பிலோ இடுப்பெலும்பிலோ நோய் பரவியிருக்கிறதா என்று ஸ்கேனைப் பார்க்காமல், ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல், எங்களை எடை தூக்கச் சொல்லக் கூடாது.

3. பயிற்சி வீடு தேடி வர வேண்டும். வாரம் மூன்று நாள் ஊரிலிருந்து காஞ்சிபுரத்துக்கோ சென்னைக்கோ பஸ் ஏறும் தெம்பிருந்தால் எங்களுக்குப் பயிற்சியே தேவைப்படாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணச் சேவையும் ஏற்கெனவே இருக்கின்றன. பக்கவாதம் வந்தவர் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், அடுத்த தெருவில் உள்ள எங்கள் வீட்டுக்கும் வரட்டும். எலும்புக்குப் பரவிய நோயாளியை எப்படிக் கையாள்வது என்று அவருக்குத் தனிப் பயிற்சி கொடுங்கள்.

4. வலி மாத்திரை தட்டுப்பாடில்லாமல் கிடைக்க வேண்டும். வலியோடு யாரும் நடக்க மாட்டார்கள்.

5. முடியாத நாளில் ‘இன்னிக்கு வேணாம்’ என்று சொன்னால் அதை அப்படியே ஏற்க வேண்டும். பயிற்சியை விட்டதால்தான் நோய் கூடிவிட்டது என்று நோயாளியிடமோ, பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரிடமோ ஒருவரும் சொல்லக் கூடாது.