கார்ட்டிசோன் ஊசி ஆட்டக்களத்துக்கு ஏற்றதா?

"ஓர் ஊசி போட்டுக்கொள், நாளைக்கே ஆடலாம்" என்ற சொல்லைக் கேளாத விளையாட்டு வீரர் எந்தக் கல்லூரியிலும் இருக்கமாட்டார். முழங்கால் வீங்கினாலும் தோள் பிடித்துக்கொண்டாலும் முதலில் நினைவுக்கு வருவது இந்த ஊசிதான். போட்டிக் காலம் நெருங்கிவிட்டாலோ கேட்கவே வேண்டாம். விலங்கியல் பயிலும் மாணவன் என்ற முறையிலும், மூன்று ஆண்டுகளாகக் கைப்பந்து ஆடி வருபவன் என்ற முறையிலும் இதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். போட்டியில் இறக்கிவிடுவதற்கென்றே போடப்படும் கார்ட்டிசோன் ஊசியை நம் ஆட்டக்களத்தைவிட்டு விலக்க வேண்டும் என்பது என் கருத்து. மருந்தையே விலக்கச் சொல்லவில்லை. அதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுகிறேன்.

இம்மருந்தின் பிறப்பு பெருமைக்குரியது. நம் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் புறணியில் சுரக்கும் இயக்குநீர்களின் குடும்பத்தைச் சேர்ந்தது கார்ட்டிசோன். அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் 1948 செப்டம்பரில், முடக்குவாதத்தால் நடமாட்டம் இழந்திருந்த ஓர் இளம்பெண்ணுக்கு இதை முதன்முதலாகச் செலுத்தினார்கள். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். அங்கிருந்த பிலிப் ஹென்ச், எட்வர்ட் கெண்டல் ஆகியோருக்கும் சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைனுக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் பரிசு வந்ததென்றால் உலகம் எவ்வளவு வியந்திருக்க வேண்டும்! 1951இல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹாலண்டர், ஹைட்ரோகார்ட்டிசோனை மூட்டுக்குள்ளேயே செலுத்தும் முறையை வெளியிட்டார். அங்கிருந்து ஆட்டக்களத்துக்கு வர அதற்கு நெடுநாள் ஆகவில்லை. இன்று கார்ட்டிசோன் ஊசி என்ற பெயரில் போடப்படுபவை பெரும்பாலும் அதன் தம்பிமார்களான மெத்தில்பிரெட்னிசோலோன், டிரையம்சினோலோன் போன்றவையே. பெயர்தான் பழைய பெயர்.

அடிபட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிப்பதை அழற்சி என்கிறோம். பழுது பார்க்க வந்திருக்கும் கொத்தனாரும் சிற்றாளும் எழுப்பும் சத்தம் என்று இதை நான் எண்ணிக்கொள்வதுண்டு. கார்ட்டிசோன் இந்தச் சத்தத்தை அடக்குகிறது. உடன் வேலையையும் நிறுத்திவைக்கிறது. கொலாஜன் என்ற புரதத்தைக் கொண்டுதான் நம் தசைநாண்கள் முறுக்கப்பட்டிருக்கின்றன. அதை நெய்யும் செல்களை இம்மருந்து மந்தப்படுத்துகிறது. குதிகாலுக்கு மேலுள்ள தடித்த நாணில் இந்த ஊசியைப் போட மருத்துவர்கள் அஞ்சுவது, நாண் அறுந்துபோகக்கூடும் என்பதனால்தான். ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுப்பதும், அடியிலுள்ள கொழுப்பு கரைந்து குழி விழுவதும் சிலருக்கு நேர்கின்றன. நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள்கள் இரத்தச் சர்க்கரை ஏறும்.

இனி, நம்மவர்களில் பலர் அறியாத ஒன்றைச் சொல்கிறேன். கார்ட்டிசோனை ஊசியில் ஏற்றும்போது பெரும்பாலும் லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தையும் கலந்துவிடுகிறார்கள். பல் பிடுங்குமுன் ஈறில் போடும் அதே மருந்துதான். போட்ட சில நிமிடங்களில் வலி மாயமாக மறைவது இதனால். சில மணி நேரத்தில் இதன் வேகம் தீர்ந்துவிடும். கார்ட்டிசோன் தன் வேலையைக் காட்டச் சில நாள்கள் ஆகும்; இடையில் ஓரிரு நாள் வலி கூடுவதும் உண்டு. அப்படியானால் ஆட்டத்தன்று காலையில் ஊசி போட்டுக்கொண்டு களத்தில் இறங்குபவர் எதை நம்பி இறங்குகிறார்? மரத்துப்போன மூட்டை நம்பி! 'இனிமேல் மிதிக்காதே' என்று சொல்ல வேண்டிய நரம்பின் வாயைக் கட்டிவிட்டு அவர் குதிக்கிறார். கார்ட்டிசோன் வேலை தொடங்கும்போது கோப்பையை யாரோ வாங்கிப் போயிருப்பார்கள்.

இதற்குச் சான்றாக ஒருவரைச் சொல்வேன். அமெரிக்கப் பேஸ்பால் ஆட்டத்தில் சாண்டி கூஃபாக்ஸ் என்ற இடக்கைப் பந்து வீச்சாளர் இருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் அணிக்காக 1965இல் ஒரே பருவத்தில் 382 மட்டையாளர்களை வீழ்த்தியவர். அப்போதே அவருடைய இடது முழங்கை மூட்டு தேய்ந்து வீங்கியிருந்தது. கார்ட்டிசோன் ஊசிகளையும் வலி மாத்திரைகளையும் கொண்டே அவர் வீசி வந்தார். 1966இல் 27 வெற்றிகள். பந்து வீச்சில் அவருக்கு நிகர் எவரும் இல்லை. அந்த ஆண்டு நவம்பரில், முப்பதே வயதில், ஆட்டத்தைவிட்டு விலகுவதாக அறிவித்தார். ஆட்டம் முடிந்த பிறகும் வாழவேண்டிய ஆண்டுகள் பல உள்ளன, அவற்றை முழு உடம்போடு வாழ விரும்புகிறேன் என்பதே அவர் கூறிய காரணத்தின் சாரம். ஊசிதான் அவர் முழங்கையைக் கெடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. கெட்டுக்கொண்டிருந்த முழங்கையைத் தொடர்ந்து வீச வைத்தது ஊசி. உலகிலேயே சிறந்த மருத்துவ வசதி பெற்றவர் நிலை இதுவென்றால், பேருந்தில் நின்றுகொண்டே போட்டிக்குப் போய்வரும் நம் நிலை என்ன?

சான்று ஒருவரோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 'டென்னிஸ் முழங்கை' என்னும் வலியுள்ள 165 பேரிடம் நடந்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. கார்ட்டிசோன் போட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் வலி நன்றாகவே குறைந்தது. ஓராண்டு முடிவில் பார்த்தால், அவர்களில் 54 விழுக்காட்டினருக்கு வலி திரும்பிவிட்டது. வெற்று ஊசி போட்டவர்களிலோ 12 விழுக்காட்டினருக்கு மட்டுமே திரும்பியது. 2017இல் வந்த மற்றோர் அமெரிக்க ஆய்வில், மூட்டுத் தேய்வுள்ள 140 பேரின் முழங்காலில் பன்னிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஈராண்டுகள் ஊசி போட்டுப் பார்த்தார்கள். கார்ட்டிசோன் பெற்றவர்களின் குருத்தெலும்பு உப்புநீர் பெற்றவர்களுடையதைவிட அதிகம் தேய்ந்தது. வலியிலோ வேறுபாடு இல்லை. இவர்கள் வயதானவர்கள், ஆட்டக்காரர்கள் அல்லர் என்று மறுக்கலாம். ஆனால் இளம் முழங்கால் குதிக்கிற குதிப்பை அவர்கள் முழங்கால் குதிக்கவில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

தோள்மூட்டு உறைந்து கையைத் தூக்க முடியாதவர்க்கும், விரல் மடங்கிச் சிக்கிக்கொள்பவர்க்கும், முடக்குவாத நோயாளிக்கும் இந்த ஊசி பெரிய உதவி. தேர்ந்த மருத்துவர் இடம் பார்த்துப் போட்டு, ஓய்வும் பயிற்சியும் சொல்லி அனுப்பினால் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. நம்மிடையே நடப்பது அதுவா? எனக்குத் தெரிந்த கபடி ஆட்டக்காரர் ஒருவர் ஒரே பருவத்தில் மூன்று முறை ஒரே முழங்காலில் போட்டுக்கொண்டார், மூன்றும் வெவ்வேறு இடங்களில். முன்பு போட்டதுண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு மூட்டுக்கு ஆண்டில் மூன்று நான்குக்கு மேல் கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கடைப்பிடிக்கும் வரம்பு. அவர் அதை ஒரே பருவத்தில் எட்டிவிட்டார். கணக்கு வைத்திருந்தவர் எவருமில்லை.

'ஓய்வெடு என்பது எளிது. வயிறு நிறைந்தவன் பேச்சு' என்று நண்பர்கள் சிலர் என்னிடம் சினந்ததுண்டு. அந்தச் சினத்தில் நியாயம் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் மேற்படிப்பு, அதன்பின் காவல்துறையிலோ இரயில்வேயிலோ ஒரு வேலை என்ற நம்பிக்கையோடு ஆடுபவர்கள் நம்மில் பலர். அதற்கு வேண்டிய சான்றிதழ் ஒரே ஒரு பல்கலைக்கழகப் போட்டியில் தொங்குகிறது. அந்த ஒரு நாளுக்காகக் காலைப் பணயம் வைக்கிறான் ஏழை மாணவன். அவனைக் குறை கூற என் நா எழவில்லை. ஆயினும், காவலர் தேர்வுக்கும் ஓட வேண்டிய கால் அதே கால்தானே?

ஆகவே முடிவெடுக்கும் சுமையை அவன் தலையில் மட்டும் ஏற்றக்கூடாது. மிதிவண்டிப் பந்தய உலகம் 2011இல் ஒரு விதி செய்தது: உடலில் ஓரிடத்தில் கார்ட்டிசோன் வகை ஊசி போட்டுக்கொண்டவர் எட்டு நாள்கள் போட்டியில் இறங்கக்கூடாது. 2022 ஜனவரி 1 முதல் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை, போட்டிக் காலத்தில் இம்மருந்தை எவ்வகை ஊசியாகவும் போடுவதைத் தடை செய்துவிட்டது. உண்மையான நோய்க்கு முறையான அனுமதி பெறலாம். நம் நாட்டு முகமையான நாடாவும் இதே பட்டியலைத்தான் பின்பற்றுகிறது. பெரிய போட்டிக்குத் தேர்வாகும் மாணவர் அறியாமலே இதில் மாட்டிக்கொள்ளக்கூடும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் கல்லூரியும் அந்த எட்டு நாள் விதியை ஏற்கட்டும். காயத்தால் வெளியில் அமரும் வீரருக்கு அணியில் இருந்தமைக்கான சான்றிதழைக் குறைவின்றி வழங்கட்டும். இதைச் செய்யாமல் விதியை மட்டும் போட்டால் எல்லாரும் ஒளித்துப் போட்டுக்கொள்வார்கள். ஊசி போடும் அறைக்குள் அணித்தலைவரும் பயிற்சியாளரும் நுழைய வேண்டியதில்லை. எந்த மருந்து, எந்த மூட்டில், எந்த நாளில் என்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டை வாங்கி உடற்கல்வித் துறையில் பதிந்து வைத்தால் போதும். அணிகளின் வருகைப் பதிவேட்டில் பின்பக்கங்கள் ஆண்டுதோறும் வெறுமையாகவே கிடக்கின்றன. தனிப் பதிவேடு வாங்கும் செலவுகூட இல்லை.