பிரமை என்னும் பழி

வயிற்றைப் பிசையும் வலியும், காலையில் மும்முறை கழிப்பறைக்கு விரட்டும் அவசரமும், அடுத்த வாரமே மலச்சிக்கலுமாக வருஷக்கணக்கில் அவதிப்படுகிறவர்கள், ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் செய்துகொண்ட பின்னர், 'உமக்கு ஒன்றுமில்லை, எல்லாம் மனசுதான்' என்ற தீர்ப்பைச் சுமந்துகொண்டு வீடு திரும்புவது சர்வ சாதாரணமாகிவிட்டது. வைத்தியர்கள் ஐ.பி.எஸ். என்று குறிப்பிடும் இக்குடல் நோய் வெறும் மனப்பிரமையே என்னும் அபிப்பிராயம் மூன்று வாதங்களின்மேல் நிற்கிறது.

முதலாவது, பரிசோதனையில் புண்ணோ கட்டியோ தென்படாததால் நோயே இல்லை என்பது. எண்டோஸ்கோப்பி காட்டுவது குடற்சுவரின் தோற்றத்தை. அச்சுவரின் நரம்புகள் எவ்வளவு கூர்மையாக வலியை உணர்கின்றன என்பதையோ, அங்கே குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்கள் ஆகாரத்தைப் புளிக்கவைத்து எவ்வளவு வாயுவை எழுப்புகின்றன என்பதையோ அது காட்டாது. வீணையைப் பார்த்த மாத்திரத்தில் சுருதி கலைந்திருப்பதைச் சொல்லிவிட முடியுமா?

இரண்டாவது, கவலையே காரணம், கிருமிக்குச் சம்பந்தமில்லை என்பது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில், 2000-ஆம் ஆண்டு மே மாதம், பெருமழையில் மாட்டுச்சாணம் கரைந்து ஊர்க் கிணற்றில் கலந்து, ஈ. கோலி, காம்பைலோபாக்டர் ஆகிய கிருமிகள் குழாய் நீரில் பரவியதனால், 2,300 பேருக்குமேல் நோயுற்று, 7 பேர் மாண்டனர். பேதி நின்று ஆண்டுகள் சில கழிந்தபின் ஆராய்ந்தபோது, அன்று நோயுற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு ஐ.பி.எஸ். காணப்பட்டது; நோய் தீண்டாதவர்களிலோ பத்தில் ஒருவருக்கே. ஊரைப் பிடித்த துயரமும் பீதியும் இரு சாராருக்கும் பொது, கிருமிதான் பொதுவன்று. கவலை இந்நோயை வளர்க்கும் என்பதை நான் மறுக்கவில்லை; அது ஒன்றே வித்து என்பதைத்தான் மறுக்கிறேன்.

மூன்றாவது, நுண்ணுயிர் காரணமாயின் அதற்குரிய ஔஷதம் பலித்திருக்க வேண்டுமே என்பது. மலச்சிக்கல் இல்லாத நோயாளிகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட பரிசோதனைகளில், பெரும்பாலும் இரத்தத்தில் சேராமல் குடலிலேயே தங்கும் ரிஃபாக்ஸிமின் என்ற ஆன்டிபயாடிக்கை இரண்டு வாரம் உட்கொண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 41 பேரும், போலி மாத்திரை பெற்றவர்களில் சுமார் 32 பேரும் நிவாரணம் கண்டனர். வித்தியாசம் சிறிது, ஆகவே எல்லா நோயாளிக்கும் கிருமியே காரணமென்று சாதிப்பதும் தவறு. ஆனால் பிரமை ஒன்றே காரணமாயின், கிருமியை ஒடுக்கும் மருந்துக்குப் போலி மாத்திரையைவிட இந்த அனுகூலமும் இருந்திராது.

ஆதலால், வயிற்றுவலிக்காரரிடம் 'ஒன்றுமில்லை' என்று சொல்லுமுன், 'இது தொடங்குவதற்குமுன் உமக்குக் கடும் பேதி கண்டதுண்டா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.