சுவருக்கு வர்ணம் அடித்தால் போதுமா?

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்பெனி உதவ முன்வந்தால் என்ன செய்கிறது? சுவருக்கு வர்ணம் அடிக்கிறது. பெஞ்சு வாங்கித் தருகிறது. கழிப்பறை கட்டுகிறது. வாசலில் தன் பெயரையும் பெரிதாக எழுதிக்கொள்கிறது!

வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? கழிப்பறை இல்லாத பள்ளியில் வயது வந்த பெண்கள் படும் பாடு தாய்மார்களுக்குத் தெரியும். ஆனால், அதோடு கடமை தீர்ந்துவிடுமா?

பணத்துக்குச் சட்டமே வழி செய்திருக்கிறது. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, பெரிய கம்பெனிகள் மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் நூற்றுக்கு 2 ரூபாயைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சராசரி லாபம் 10 கோடி என்றால் 20 லட்சம் ரூபாய்! கல்வியும் சமூகப் பணிதான். தமிழக அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டத்தின் மூலம் அரசுப் பள்ளிகளுக்குக் கம்பெனிகள் உதவலாம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது.

ஊரில் ஆலை இருக்கும். அதன் சங்குச் சத்தம் வகுப்பறைக்குள் கேட்கும். ஆனால் உள்ளே என்ன வேலை நடக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பையனுக்குத் தெரியாது. லேத்து ஓட்டுவதற்கு என்ன கணக்கு தெரிய வேண்டும், என்ன சம்பளம் கிடைக்கும் என்று யாரும் அவனுக்குச் சொல்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும், பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த படிப்பிலேயே இவனையும் சேர்த்துவிடுகிறார்கள். அதுவும் கடன் வாங்கி!

ஐந்தாவது பங்கு

கோவை பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நான்கு பேர். குடும்பச் சொத்தை அவர்கள் நான்காகப் பிரிக்கவில்லை. ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தருமத்துக்கு! 1926-ல் பி.எஸ்.ஜி. அறநிலையம் உருவானது. கல்விக்கூடங்களோடு தொழிற்கூடமும் வந்தது. அங்கே மோட்டாரும் பம்பும் செய்தார்கள். 1951-ல் பொறியியல் கல்லூரி தொடங்கியபோது, தொழிற்கூடம் மாணவர்களின் பக்கத்திலேயே இருந்தது.

எல்லோராலும் கல்லூரி கட்ட முடியாது. மாதம் ஒரு நாள் தங்கள் போர்மேனைப் பள்ளிக்கு அனுப்பலாம் அல்லவா? ஒரு வகுப்பை ஆலைக்குள் அழைத்துப் போய்க் காட்டலாம். பெண் பிள்ளைகளை விட்டுவிடக் கூடாது. கணக்குப் பிரிவிலும் தரம் பார்க்கும் இடத்திலும் பெண்கள் வேலை பார்ப்பதை அவர்கள் நேரில் காணட்டும்.

ஒரு எச்சரிக்கை. "தொழில் பழகுகிறான்" என்று சொல்லி, பிள்ளைகளிடம் வேலை வாங்கக் கூடாது. 14 வயது நிரம்பாதவர்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயது வரை ஆபத்தான வேலைகளில் ஈடுபடுத்தவும் சட்டம் இடம் தரவில்லை. பார்ப்பது வேறு, உழைப்பது வேறு. இதை வாத்தியார்கள் கண்காணிக்க வேண்டும்.

பெற்றோர்களும் சும்மா இருக்க வேண்டியதில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தான். கம்பெனிக்காரர் அடுத்த முறை வர்ண டப்பாவோடு வரும்போது, "வாருங்கள் ஐயா, எங்கள் பிள்ளைகளை ஆலைக்கு எந்தக் கிழமை அழைத்துப் போகிறீர்கள்?" என்று கேட்கலாம்.