வாய்க்கால் யாருடையது?

மாரி தொடங்கியதும் யாழ்ப்பாண நகரத்து ஒழுங்கைகளில் வெள்ளம் தேங்குகின்றது. உடனே எம்மவர் சபையைச் சாடுகின்றனர். சாடவேண்டிய இடத்திற் சாடத்தான் வேண்டும். உரிய காலத்தில் வாய்க்காலைத் துப்புரவாக்காத நிருவாகத்துக்காக வாதாட நாம் முன்வரவில்லை. ஆயின், அடைபட்ட வாய்க்காலைக் கிளறுவோர் அங்கே காண்பது யாது? பொலித்தீன் பைகள், பிளாஸ்டிக் போத்தல்கள், சோற்றுப் பொதிகள். இவை மழையோடு வானத்திலிருந்து பொழிந்தவையா? மதிலுக்கு உள்ளே முற்றத்தைப் பெருக்கி, மதிலுக்கு வெளியே குப்பையைக் கொட்டும் எமது 'சுத்த' உணர்ச்சியின் விளைவுகளே இவை.

எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கத்திற் கடனீரேரியிற் கலக்கும் வழுக்கியாறு ஒன்றே உண்டு. குடிப்பதற்கும் பயிர் செய்வதற்கும் நாம் பெரிதும் நம்பியிருப்பது நிலத்தடி நீரையே. மழைநீர் குளங்களிலும் தரவைகளிலும் தேங்கி, வெடிப்புகள் மலிந்த சுண்ணாம்புக் கல்லினூடே கீழிறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராக மிதக்கின்றது. மழைநீர் இறங்கும் அதே வெடிப்புகளின் வழியே கழிவெண்ணெயும், மிகையாக இட்ட உரமும், மலக்குழியின் கசிவும் இறங்குகின்றன. வாய்க்காலில் நாம் ஊற்றுவது அயலவன் கிணற்றுக்குச் சென்றால், அயலவன் ஊற்றுவது எமது கிணற்றுக்கு வருகின்றது. நிலத்துக்கு அடியில் மதில்கள் இல்லை.

இந்த எளிய உண்மை படித்தவர்களுக்குக்கூட உறைக்காதது ஏன்? அழுக்கை அள்ளும் தொழிலைத் தலைமுறை தலைமுறையாக ஒரு சாராரின் தலையிற் சுமத்தி, சுமந்தவர்களையே தீண்டத்தகாதவர் என ஒதுக்கிய சமுதாயம் எமது. அவர்கள் நீர் அள்ளினாற் கிணறு தீட்டுப்படும் என்றவர்கள், தம் வீட்டுக் கழிவு அதே கிணற்றிற் கசிவதைத் தீட்டென்று எண்ணவில்லை. கொட்டுவது ஒருவனின் உரிமை, அள்ளுவது இன்னொருவனின் விதி என்ற நினைப்பு ஒழியும்வரை எந்த வாய்க்காலும் தூய்மையாகப் போவதில்லை. மெல்லிய பொலித்தீனுக்கும் சோறு பொதியும் தாளுக்கும் 2017இல் அரசு தடை விதித்தது. அதன் பின்னரும் வாய்க்காலின் கோலம் மாறவில்லை. சட்டம் மட்டும் போதாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

செய்யத்தக்கவை அரியவையல்ல. புரட்டாதியிலேயே ஒவ்வொரு வீட்டாரும் தம் படலைக்கு முன்னுள்ள வாய்க்காலைத் துப்புரவாக்குக. எடுத்த குப்பையைக் கரையிற் குவித்து, அடுத்த மழை அதனை மீண்டும் உள்ளே தள்ள விடாதிருப்பீராக. சமையற் கழிவு எருக்கிடங்குக்குரியது. கழிவெண்ணெயும் பூச்சிகொல்லியும் வாய்க்காலை ஒருபோதும் அணுகலாகாது. மலக்குழியை அதனோடு இணைப்பது அயலாருக்கு இழைக்கும் குற்றம். வளவு முழுவதையும் சீமெந்தினால் மூடாது, மண்ணை மழை குடிக்க விடுக.

இவற்றைச் செய்பவர்களுக்கே சபையின் வாசலில் நின்று கேட்கும் உரிமையும் வலிமையும் உண்டு. வாய்க்காலை மறித்து எழுந்த செல்வர் மதிலை அகற்று என்று கேட்போம். துப்புரவுத் தொழிலாளருக்குக் கையுறையும் காலணியும் நிரந்தர நியமனமும் வழங்கு என்று கேட்போம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! 'சுத்தம் சுகம் தரும்' எனக் கரும்பலகையில் எழுதியது போதும். மண்வெட்டியுடன் ஒழுங்கைக்கு வருவோம். வாய்க்கால் யாருடையது? கிணறு யாருடையதோ, அவர்களுடையதே.