கைதட்டலைத் திருப்பித் தருகிறேன்

சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்லூரி விழாவில், 'குட்டையில் இருக்கிற பாக்டீரியாவுக்குள் ஒரு குவாண்டம் கம்ப்யூட்டர் ஓடுகிறது' என்று பேசிக் கைதட்டல் வாங்கினேன். அதை வாபஸ் வாங்க வேண்டியிருக்கிறது.

குட்டையின் மேலே மிதக்கும் பாசி, வெயிலில் நம் கண்ணுக்குத் தெரிகிற பங்கில் பெரும்பகுதியைச் சாப்பிட்டுவிடும். அடியில் இருக்கும் ஊதா பாக்டீரியாவுக்குக் கடைசிப் பந்திதான். மிஞ்சுகிற அகச்சிவப்பைப் பிடிக்க அது ஆன்டெனா வைத்திருக்கிறது. அதன் அமைப்பை 1995-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் காக்டெல், ஐசக்ஸ் கோஷ்டியினர் எக்ஸ்ரே மூலம் கண்டுபிடித்தார்கள். படத்தைப் பார்த்தால் அசந்துபோவீர்கள். 9 ஜோடிப் புரதங்கள் சேர்ந்து ஒரு வளையம். நடுவே 27 பச்சையத் துணுக்குகள். 18 நெருக்கியடித்து நிற்கின்றன, சீட்டுகளை வட்டமாக நிறுத்தினாற்போல. மற்ற 9 படுத்திருக்கின்றன. (அடுத்த வருஷமே வேறொரு பாக்டீரியாவில் 8 ஜோடி வளையம் கிடைத்தது. இயற்கைக்கு ஒரே அச்சு பிடிக்காது போல!)

பிடித்த சக்தியை வைத்திருக்க அவகாசம் சுமார் ஒரு நானோ செகண்ட். அதற்குள் வினைமையத்தில் சேர்க்காவிட்டால் வீண். கான்கிரீட் போடும்போது பாண்டு கை மாறுவதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். படுத்ததிலிருந்து நிற்பதற்கு ஒரு பிக்கோ செகண்டில், அதாவது நானோவில் ஆயிரத்தில் ஒரு பங்கில், போய்விடுகிறது.

இந்த வேகம் எப்படி? 2007-ல் பெர்க்லியில் பச்சை கந்தக பாக்டீரியாவின் ஆன்டெனாப் புரதம் ஒன்றை மைனஸ் 196 டிகிரியில் வைத்து லேசரால் தட்டினார்கள். சிக்னல் அலை அலையாக வந்தது. சக்தி எல்லா வழிகளையும் ஒரே சமயத்தில் தேடுகிறதோ என்றார்கள். நான் உடனே மைக்கைப் பிடித்துவிட்டேன்.

பிற்பாடு பார்த்தால், அந்த அலைகள் பெரும்பாலும் மூலக்கூறுகளின் சாதாரண அதிர்வாம். 2017-ல் அறை வெப்பத்தில் அளந்தபோது, சொன்ன குவாண்டம் ஒத்திசைவு 60 ஃபெம்டோ செகண்டிலேயே செத்துப்போயிற்று. குவாண்டமே இல்லை என்று அர்த்தமில்லை. நிற்கிற 18-ல் சக்தி ஒன்றில் மட்டும் தங்காமல் சிலவற்றில் பரவியிருப்பது அசல் குவாண்டம்தான். ஆனால் வேகத்தின் ரகசியம் சரியான இடைவெளி, சரியான சரிவு. துணுக்குகளை அசையாமல் அந்த இடத்தில் பிடித்து வைத்திருக்கும் புரதத்தைப் பற்றி அன்று நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

விழாவில் போர்த்திய பொன்னாடையைக் கல்லூரி திருப்பிக் கேட்டால்தான் சிக்கல். வீட்டில் ஃபிரிட்ஜ் மேல் விரித்தாயிற்று.