இடைப்பொழுதும் ஒரு முதலீடு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் செல்வோர் பலர், கையிலுள்ள அரை நாளைக் காத்திருப்புக் கூடத்திலேயே கழிக்கின்றனர். பாறசாலையைக் கடந்து கடற்கரை நோக்கித் திரும்பினால் பூவார். அகத்தியமலையில் பிறந்த நெய்யாறு அரபிக்கடலில் கலக்குமிடம். படகில் ஒரு மணி நேரம் போதும்.

கொழும்பு, சிங்கப்பூர் இடைநிறுத்தங்களுக்கும் இதுவே நெறி: விசா விதியை முன்பே அறிந்து, திரும்பும் நேரத்தை முதலில் ஒதுக்கி, ஓரிடத்தை மட்டும் காண வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே இயங்கும். வெளிநாட்டு வசதியைப் புறப்படுமுன் நாமே இயக்க வேண்டும். அங்கே கடைக்காரர் ரூபாயில் கணக்கிடலாமா எனக் கேட்டால், அந்நாட்டு நாணயத்தையே தேர்வது நலம். ரூபாய்க் கணக்கில் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே அமையும். நேரமும் பணமும் திட்டமிட்டுச் செலவிடுவோருக்கே பயன் தரும்.